ஒரு பாட்டும் ஒரு பலகையும்

(மில் தொழிலாளர் சங்க மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற கூட்டம் முடிந்து வெளியே வரும்போது நூற்புப் பகுதித் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார்: "பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது? நினைத்தவுடன் வந்துவிடுமா?" என்று. பொதுப்படையாகப் பதில் சொன்னால் வெறும் பிரசங்கமாகப் போய்விடும். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். அது மனதில் விழுந்த நாளிலிருந்து இசைத்தட்டில் ஏறிய நாள்வரை பின்தொடர்ந்து போவோம். அது அமெரிக்கப் பாட்டு. உட்டி கத்ரி என்பவர் கட்டியது. 'இந்த நிலம் உன் நிலம்' என்பது அதன் பெயர்.

கத்ரி 1912ல் ஒக்லஹோமா மாநிலத்தில் ஒக்கிமா என்ற சிற்றூரில் பிறந்தவர். 1930ஐ ஒட்டிய வருஷங்களில் அந்தச் சமவெளியில் மழை பொய்த்தது. லாபத்துக்காக எல்லை மீறி உழுது, புல்வேர் அறுந்த மண் காற்றோடு கிளம்பியது. 1935 ஏப்ரல் 14ந் தேதி வந்த புழுதிப் புயலில் பகலே இரவாகிவிட்டது. அன்று கத்ரி டெக்ஸாஸ் மாநிலத்துப் பாம்ப்பா நகரில் இருந்தார். விளைச்சல் இல்லை, கடன் நின்றது, பாங்கு நிலத்தை எடுத்துக்கொண்டது. குடியானவர்கள் ஓட்டை மோட்டார்களில் சட்டி பானையை ஏற்றிக்கொண்டு, பழம் பறிக்கவும் பருத்தி எடுக்கவும் கலிபோர்னியாவுக்குக் கூட்டம் கூட்டமாய்ப் போனார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு என்ன தெரியுமா? 1936ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீஸ் மாநில எல்லைக்கே போய் நின்றுகொண்டு, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பியது. சொந்த தேசத்துக்குள்ளேயே!

1937ல் கத்ரியும் அங்கே போய்ச் சேர்ந்தார். கூலிகளின் முகாம்களில் பாடினார், ரேடியோவில் பாடினார், 'பீப்பிள்ஸ் வேர்ல்ட்' என்ற கம்யூனிஸ்டுப் பத்திரிகையில் எழுதினார். பாட்டின் விதை அங்கேதான் விழுந்தது என்பது நமது எண்ணம். ஆனால் பார்த்தது எல்லாம் உடனே பாட்டாகிவிடவில்லை.

அதை முளைக்க வைத்தது ஓர் எரிச்சல். 1938 நவம்பரில் கேட் ஸ்மித் என்ற பாடகி ரேடியோவில் ஒரு பாட்டுப் பாடியிருந்தார். இர்விங் பெர்லின் எழுதியது. அமெரிக்காவை ஆண்டவன் ஆசீர்வதிக்கட்டும் என்று வேண்டுகிற பாட்டு. ஊரெல்லாம் அதுவே பேச்சு. 1940 துவக்கத்தில் கத்ரி நியூயார்க்குக்கு வந்த சமயத்தில் எங்கு திரும்பினாலும் அதுதான் ஒலித்தது. நிவாரண ஆபீஸ் வாசலில் பசித்தவன் வரிசையில் நிற்கிறான். ரேடியோ ஆசீர்வாதம் பாடுகிறது. எரிச்சல் வராதா?

1940 பிப்ரவரி 23ந் தேதி, நியூயார்க்கில் 43வது தெருவும் ஆறாவது அவென்யூவும் கூடுகிற இடத்தில், ஹானோவர் ஹவுஸ் என்ற மலிவான லாட்ஜில் தங்கியிருந்தபோது அந்தப் பாட்டை எழுதினார். ஆறு சரணங்கள். தாளின் அடியில் தேதி போட்டு, மனிதன் தன் கண்ணால் காண்பதைத்தான் எழுத முடியும் என்ற கருத்தில் ஒரு குறிப்பும் எழுதினார்.

மெட்டு? அதற்காக அவர் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கார்ட்டர் குடும்பம் என்ற பாடகர் குழு 1930ல் பதிந்த ஒரு பக்திப் பாட்டு இருந்தது. உலகம் தீப்பற்றும் நாளைப் பற்றியது. அந்த மெட்டையே எடுத்துச் சற்று மாற்றிக்கொண்டார். இதைத் திருட்டு என்று சொல்லும் பண்டிதர்கள் உண்டு. நடவு வயலில் பாடுகிற நமது பெண்களைக் கேட்டுப் பாருங்கள், பழைய மெட்டில் புதுச் சொல் போடுவது திருட்டா என்று! ஜனங்களுக்கு ஏற்கெனவே வாயில் இருக்கும் மெட்டானால், முதல் தடவை கேட்கும்போதே கூடப் பாடிவிடுவார்கள்.

சொல்லில்தான் அவர் பாடுபட்டார். முதலில் ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பெர்லினைக் கிண்டல் செய்கிற மாதிரி ஆசீர்வாதச் சொல்லையே வைத்திருந்தார். பின்னர் அதை அடித்துவிட்டார். இந்த மண் உனக்கும் எனக்கும் உரியது என்ற பொருள்படும் வரியை அங்கே போட்டார். கிண்டல் போய் உரிமை வந்தது. எதிராளிக்குச் சொன்ன பதிலாக மட்டும் நின்றிருந்தால், எதிராளியின் பாட்டு மறந்தபோது இதுவும் மறந்திருக்கும். (அந்த மண் முதலில் யாருடையது என்று அமெரிக்காவின் ஆதிக்குடி மக்கள் இந்தப் பாட்டைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பாட்டில் அதற்குப் பதில் இல்லை.)

ஆறில் இரண்டு சரணங்கள் மற்றவற்றைப் போல் இல்லை. ஒன்று, நிவாரண ஆபீஸ் வாசலில் நிற்கும் பசித்த ஜனங்களைப் பற்றியது. இன்னொன்றில், நடந்து போகிறவனை ஒரு சுவர் மறிக்கிறது. தனிச்சொத்து என்று பலகை சொல்கிறது. பலகையின் பின்பக்கத்தில் எழுத்தே இல்லை என்கிறார் கத்ரி. வேலியோரம் நடந்து வேலைக்குப் போகிற விவசாயத் தொழிலாளிக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

எழுதியபின் பாட்டு நான்கு வருஷம் தூங்கியது. எழுதிய இரண்டே மாதத்தில் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனிக்காகப் புழுதிப் புயல் பாட்டுகளைப் பதிந்தார். அவற்றோடு இதைச் சேர்க்கவில்லை. பிறகு யுத்தம் வந்தது. கத்ரி சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். தமது கிதார் வாத்தியத்தின் மேல், இந்த யந்திரம் பாசிஸ்டுகளைக் கொல்லும் என்று எழுதி வைத்திருந்தார்.

1944 ஏப்ரலில், இரண்டு கப்பல் பயணங்களுக்கு நடுவே, மோசஸ் ஆஷ் என்பவரின் சிறிய ஒலிப்பதிவு அறைக்கு வந்தார். கப்பல் தோழர் சிஸ்கோ ஹூஸ்டனும் கூட வந்தார். அந்தச் சில வாரங்களில் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளைப் பதிந்தார்கள். அக்காலத்துப் பதிவு நேரடியாகத் தட்டில் வெட்டுவது. பாடப் பாட ஊசி கோடு போட்டுக்கொண்டே போகும். நடுவில் வாய் தவறினால் வெட்டி ஒட்ட வழியில்லை. வேறு தட்டில் முதலிலிருந்து பாட வேண்டும். ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். தறியில் இழை அறுந்தால் நிறுத்திப் பிணைக்கலாம்; அங்கே அதற்கும் இடமில்லை.

இந்தப் பாட்டைச் சுவர்ச் சரணத்தோடு ஒரு தடவை பதிந்தார். அது இல்லாமலும் பதிந்தார். 1951ல் குழந்தைப் பாட்டுகளின் தட்டில் வெளிவந்தது சுவர் இல்லாத பதிவு. அந்த வருஷங்கள் எப்படிப்பட்டவை? கம்யூனிஸ்டு என்று பெயர் சூட்டி ஆசிரியர்களையும் நடிகர்களையும் பாடகர்களையும் வேலையிலிருந்து துரத்திய காலம். கத்ரியின் நண்பர் பீட் சீகரை 1955ல் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் கூப்பிட்டு விசாரித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பாட்டை, மலையும் காடும் வயலும் அழகாக இருக்கிறது என்கிற அளவில் பாடி வளர்ந்தார்கள். சுவரும் வரிசையும் அவர்கள் காதில் விழவில்லை.

கத்ரி நரம்பு நோயில் பல வருஷம் கிடந்து 1967ல் காலமானார். விட்டுப்போன சரணங்கள் மறைந்துவிடுமே என்று அவருக்குக் கவலை இருந்ததாகவும், அவற்றைத் தமக்குச் சொல்லிக் கொடுத்ததாகவும் மகன் ஆர்லோ பிற்காலத்தில் கூறினார். ஆஷின் தட்டுகள் 1987ல் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்துக்குப் போயின. 1997ல் அங்கே பழைய தட்டுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, சுவர்ச் சரணத்தோடு கத்ரியின் குரல் கிடைத்தது. 53 வருஷம் பெட்டிக்குள் கிடந்த குரல்!

2009 ஜனவரி 18ந் தேதி, வாஷிங்டனில் லிங்கன் நினைவு மண்டபத்தின் முன் ஒபாமா பதவியேற்பை ஒட்டி நடந்த விழாவில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடியிருந்தார்கள். 89 வயதுப் பீட் சீகர் மேடையேறினார். அந்த இரண்டு சரணங்களையும் விடவில்லை. வார்த்தை தெரியாத கூட்டத்துக்கு ஒவ்வொரு வரியையும் முன்னால் சொல்லிக் கொடுத்துக்கொண்டே பாட வைத்தார்.