பிள்ளைகளைப் பாட்டுக் கச்சேரிக்கு அழைத்துச் செல்லலாமா?

வேலை முடிந்து, குளித்து, அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு வானொலிக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பீர்கள். இந்த நேரத்தில் ராக் இசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். "முடியை வளர்த்துக்கொண்டு மேடையில் குதிக்கிறவர்களின் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்கக்கூடும். இதே கேள்வியை எங்கள் அக்காளும் கேட்டார். அவருக்கு நாங்கள் சொன்ன பதிலையும், பதில் தெரியாமல் விழித்த இடங்களையும் இன்று உங்களிடம் சொல்லப் போகிறோம்.

நாங்கள் என்றால் கணவன் மனைவி இருவர். பிறந்து வளர்ந்தது தோட்டத்தில். இப்போது குடியிருப்பது பூச்சோங்கில். அக்காள் இன்னமும் கோல லங்காட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில்தான் இருக்கிறார். அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். இந்தக் கதை நடந்த 2023-ஆம் ஆண்டில் மகளுக்கு 16 வயது, மகனுக்கு 13 வயது. ஆக, எங்களில் ஒருவர் அந்தப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன், ஒருவர் அத்தை.

கோல்ட்பிளே என்று ஓர் இங்கிலாந்து நாட்டு ராக் குழு உண்டு. லண்டனில் கல்லூரியில் படித்த நான்கு இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய குழு அது. 2000-ஆம் ஆண்டில் 'யெல்லோ' என்ற அவர்களுடைய பாட்டு வெளிவந்தது. அப்போது நாங்கள் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். வாடகை அறையில் ஒரு பாய், ஓர் அடுப்பு, ஒரு சிறிய வானொலிப்பெட்டி. அந்தப் பெட்டியில் அந்தப் பாட்டு வந்தால் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்போம். ஆங்கிலம் பாதி புரியும், பாதி புரியாது. ஆனாலும் பாட்டு எங்களோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் குழுவினர் 23 ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பர் 22-ஆம் தேதி, முதன்முதலாக மலேசியாவுக்குப் பாட வந்தார்கள். இடம், புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கம்.

சீட்டு விற்பனை மே மாதமே நடந்தது. சில மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துபோயிற்று. எங்களுக்குக் கிடைத்தது ஆகக் குறைந்த விலைச் சீட்டு, ஒன்று 228 ரிங்கிட். இரண்டு வாங்கியிருந்தால் போதும். நாங்கள் நான்கு வாங்கினோம். காரணம் இருந்தது. மருமகளுடைய கைப்பேசியில் எங்கள் பாட்டுகளெல்லாம் இருந்தன. நாங்கள் அரைகுறையாகப் புரிந்துகொண்ட வரிகளுக்கு அவள் எங்களுக்கே பொருள் சொன்னாள். மருமகனோ கோயில் திருவிழாவில் உருமி அடிக்கிற பையன். கோல்ட்பிளே மேளக்காரர் அடிப்பதைத் திரையில் பார்த்துச் சோற்றுத் தட்டில் தாளம் போடுவான். நம் வீட்டுப் பிள்ளைகள் நமக்குப் பிடித்ததையே தாமாகத் தேடிப் பிடித்திருக்கும்போது, அவர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் போவது எப்படி?

அக்காள் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "நாலு சீட்டுக்கு 912 வெள்ளி. ஒரு மாதத்துக்கு அரசாங்கம் சொல்லுகிற சம்பளமே 1,500. உங்களுக்கென்ன பைத்தியமா?" கணக்கு சரிதான். அந்த ஆண்டில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் அதுதான். பணம் எங்களுடையது, தீபாவளிக்குத் துணி எடுப்பதைக் குறைத்துக்கொள்கிறோம் என்றோம். இந்தச் செலவு எல்லாக் குடும்பங்களுக்கும் தகும் என்று நாங்கள் சொல்லவில்லை. கடன் வாங்கிச் சீட்டு வாங்குவதைவிட வீட்டில் உட்கார்ந்து வானொலியில் கேட்பது எவ்வளவோ மேல்.

பணத்தோடு நின்றுவிடவில்லை. வயதுக்கு வந்த பெண் நடு இரவில் வெளியே இருக்கலாமா? நவம்பர் 22 புதன்கிழமை, மறுநாள் பள்ளிக்கூடம் உண்டே? கண்ட கண்ட பழக்கம் உள்ளவர்கள் கூடுகிற இடமாயிற்றே? மூன்றும் நியாயமான கேள்விகள். நாங்கள் சொன்ன ஒரே பதில், "அவர்கள் தனியாகப் போகவில்லை, எங்களோடு வருகிறார்கள்" என்பதுதான்.

இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு காரணம் உண்டு. 1993-ஆம் ஆண்டு. சர்ச், விங்ஸ் போன்ற மலாய் ராக் குழுக்கள் கொடிகட்டிப் பறந்த காலம். லயத்துப் பையன்கள் நாங்கள் நால்வர். நீண்ட முடி வைத்த ராக் பாடகர்களுக்கு அரசாங்கத் தொலைக்காட்சியில் இடமில்லை என்று அதற்கு முந்தின ஆண்டுதான் ஆகியிருந்தது. அதனால் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. 'சிலாட் போட்டி பார்க்கப் போகிறோம்' என்று பொய் சொல்லிவிட்டு, ஒரு லோரியின் பின்னால் ஏறிக் கச்சேரிக்குப் போனோம். ஒலிபெருக்கிக்குப் பத்தடி தூரத்தில் நின்றோம். அதுதான் வீரம் என்று நினைத்தோம். கூட்டம் முட்டித் தள்ளியதில் ஒருவன் கீழே விழுந்து கை ஒடிந்தது. மருத்துவமனைக்கு யாரிடம் சொல்லிப் போவது? வீட்டுக்குத் தெரியக்கூடாதே! விடியும்வரை பேருந்து நிலையத்தில் அவன் கையைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தக் கை இன்றுவரை நேராக நீளாது. காதில் மூன்று நாள் வண்டு இரைந்தது. பெரியவர் ஒருவர் கூட வந்திருந்தால் அந்த இரவே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அக்காளுக்கு இந்தக் கதை தெரியும். ஆனாலும் மனம் இறங்கவில்லை. மே மாதத்தில் தொடங்கிய வழக்கு நவம்பர் 12-ஆம் தேதி தீபாவளி வரை இழுத்தது.

தீபாவளியன்று எல்லாரும் அக்காள் வீட்டில் கூடியிருந்தோம். பேச்சு திரும்பவும் அங்கே வந்தது. முறுக்கை ஒடித்துக்கொண்டிருந்த எங்கள் அம்மா, "எந்த இடம் என்று சொன்னீர்கள்?" என்று கேட்டார். "புக்கிட் ஜாலில்" என்றோம். "உங்கள் பெரியம்மா பால் வெட்டின தோட்டமல்லவா அது!" என்றார்.

உண்மைதான். இன்று விளையாட்டரங்கமும் இரயில் நிலையமும் அடுக்குமாடிகளுமாக இருக்கிற புக்கிட் ஜாலில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். 1998-இல் நடந்த காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகத்தான் அந்த அரங்கம் எழுந்தது. அதற்குப் பிறகும் பழைய தோட்டக் குடும்பங்கள் சில அங்கே எஞ்சியிருந்தன. வீட்டுக்கு நிலம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டம் 2011-இல் நாளேடுகளில் வந்ததை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். பெரியம்மா பெரட்டுக்கு நின்ற மண்ணில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பாட வருகிறார்கள். "நம் பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமே" என்றார் அம்மா.

அக்காள் அத்தானைப் பார்த்தார். அத்தான் 22 ஆண்டுகள் செம்பனை ஆலையில், இயந்திரங்களுக்கும் ஆவியின் இரைச்சலுக்கும் நடுவே வேலை பார்த்தவர். இப்போது அவருக்குப் பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னால்தான் கேட்கும். இந்த வானொலியையே லயம் முழுவதும் கேட்கும்படிதான் வைப்பார். அக்காள் அவர் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னார். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு எங்களிடம் சொன்னது ஒன்றுதான்: "காதைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் கொஞ்சம் படித்தோம். அதை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது. கச்சேரிக்குப் போகாதவர்களுக்கும் இது வேண்டும்.

ஒலியை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். நாம் சாதாரணமாகப் பேசுவது ஏறக்குறைய 60 டெசிபல். 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்யலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் காது தாங்குகிற நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. இப்படியே போனால் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்! ராக் கச்சேரியில் 100 டெசிபல் என்பது சாதாரணம். கச்சேரியோ இரண்டு மணி நேரம். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கு வகுத்த நெறியில், சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றும், வருகிறவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. தோளில் மாட்டிப் புல் வெட்டுகிற இயந்திரத்துக்கும், திருவிழாவில் உருமி மேளத்துக்குப் பக்கத்தில் வைக்கிற ஒலிபெருக்கிக்கும் இதே கணக்குத்தான். மருமகனிடம் இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. "சாமி மேளம் காதைக் கெடுக்குமா மாமா?" என்று கேட்டான். சாமிக்கும் காதுக்கும் சம்பந்தமில்லை, டெசிபலுக்குத்தான் சம்பந்தம் என்று சொல்லிவைத்தோம்.

காதின் உள்ளே நத்தை ஓடுபோலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் சுமார் 15,000 நுண்ணிய உயிரணுக்கள், மயிர் முளைத்தாற்போல நிற்கின்றன. சத்தம் வந்தால் அந்த மயிர்கள் லாலாங் புல் காற்றில் சாய்வதுபோலச் சாய்ந்து நிமிரும். அளவுக்கு மீறிய சத்தம் என்பது புல்லின்மேல் லோரி ஏறுவது போல. ஒரு தடவை ஏறினால் பிழைத்து எழும்; ஏறிக்கொண்டே இருந்தால் பட்டுப்போகும். பால்மரத்தில் வெட்டின பட்டை சில ஆண்டுகளில் மறுபடி வளர்ந்துவிடும். மனிதன் காதில் பட்டுப்போன இந்த உயிரணு மறுபடி வளருவதே இல்லை. எந்த மருந்தும் இதுவரை அதை வளர்த்துக் கொடுத்ததில்லை. அத்தானுக்கு நடந்தது அதுதான்.

ஆகவே மருந்துக்கடையில் நுரையால் ஆன காதடைப்பான் நான்கு சோடி வாங்கினோம். விலை சில ரிங்கிட்தான். பஞ்சு வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது, பஞ்சு பெரிய சத்தத்தைத் தடுக்காது. காதடைப்பானை விரலால் உருட்டி மெல்லிய திரியாக்க வேண்டும். மற்றொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே நுழைத்து, அது விரியும்வரை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். சரியாகப் போட்டால் 20 டெசிபல் போலக் குறையும். பாட்டு கேட்கும், குத்தாது. இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் காது குத்தியது தாய்மாமன் மடியில் வைத்துத்தான். அன்று அழுதவர்கள், இந்தத் தடவை சிரித்தார்கள்.

கச்சேரி நாளில் காரைத் தொடவில்லை. வீட்டிலேயே சோறு சாப்பிட்டுவிட்டுப் பூச்சோங்கில் எல்.ஆர்.டி. ஏறினோம், அதே தடம் புக்கிட் ஜாலிலுக்குப் போகிறது. திரும்பும்போது நெரிசல் இருக்கும் என்று இரயில் அட்டையில் முன்கூட்டியே பணம் போட்டுவைத்தோம். பிள்ளைகளின் கையில் எங்கள் தொலைபேசி எண்ணைப் பேனாவால் எழுதினோம். பிரிந்துவிட்டால் எந்தத் தூணுக்கு அடியில் நிற்க வேண்டும் என்று உள்ளே நுழையுமுன்பே காட்டிவிட்டோம். மருமகளோ நிலையத்தின் படியில் நின்று, "பெரிய பாட்டி இருந்த லயம் எந்தப் பக்கம் மாமா?" என்று கேட்டாள். சுற்றிலும் பார்த்தோம். தெரியவில்லை. புக்கிட் ஜாலிலில் தமிழ்ப்பள்ளி ஒன்று இன்றும் இருக்கிறது என்பதை மட்டும் சொன்னோம்.

அரங்கத்தில் 70,000 பேருக்கும் மேல். ஆளுக்கொரு மணிக்கட்டுப் பட்டை கொடுத்தார்கள். கம்பியில்லாச் சமிக்ஞையால் எல்லாப் பட்டைகளும் ஒரே நேரத்தில் நிறம் மாறும். தாவரப் பொருளால் ஆனவை அவை; முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 'யெல்லோ' தொடங்கியபோது அரங்கமே மஞ்சளாயிற்று, சரக்கொன்றை பூத்தாற்போல. மருமகள் எங்களைக் கட்டிக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: அந்த ஒரு பாட்டுக்காக நாங்கள் இருவரும் காதடைப்பானைக் கழற்றிவிட்டோம். 23 ஆண்டு ஆசை. அதைப் பார்த்துவிட்டு மருமகனும் கழற்றினான். சைகையால் அதட்டி அவனை மறுபடி போட வைத்தோம். "நீங்கள் மட்டும்?" என்று அவனும் சைகையாலேயே கேட்டான். நாங்களும் போட்டுக்கொண்டோம். ஆனால் பாட்டு முடிந்த பிறகு.

வெளியே வரும்போது பையன் பட்டையைச் சட்டைப்பைக்குள் மறைத்தான். அக்காள்காரி பார்த்துவிட்டுப் பிடுங்கிப் பெட்டியில் போட்டாள். இரயிலுக்கு வெகுநேரம் வரிசையில் நின்று, வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று தாண்டிவிட்டது.

விடியற்காலை ஐந்தரைக்கு இருவரையும் காரில் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றோம். பள்ளிக்கு அனுப்புவோம் என்று வாக்குக் கொடுத்திருந்தோமே. மருமகள் சீருடை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பையன் எழுந்திருக்கவில்லை. அக்காள் எங்களைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க வேண்டாம். அடுத்த முறை பள்ளி விடுமுறையில்தான் என்று அவர் சொன்னதை, அடுத்த முறையும் உண்டு என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அத்தான் வாசலில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்குக் கிளம்புமுன் அவளைக் கூப்பிட்டு, "காதில் இரைகிறதா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். உள்ளே போய்த் தூங்குகிற மகனைத் தட்டி அவனிடமும் கேட்டார். அவன் போர்வைக்குள்ளிருந்தே கையை ஆட்டினான். பிறகு எங்களிடம் வந்து கேட்டார். "கொஞ்சம்" என்றோம். அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் போய் உரக்கச் சொன்னோம்.