கண்ணாடி மாற்றியும் தெளியாத பார்வை



ஆனி, ஆடியில் சாரல் தொடங்கியதும் வீட்டு முதியோரைக் குற்றாலத்திற்கு அழைத்துச் செல்வது பல குடும்பங்களின் வழக்கம். ஐந்தருவியின் ஈரப் படியில் ஒரு முதியவர் தயங்கி நிற்கிறார் எனக் கொள்க. அடுத்த படியின் ஆழம் அவருக்குப் பிடிபடவில்லை. நிழலைப் பள்ளமென்று எண்ணிக் காலைப் பின்னிழுக்கிறார். தென்காசிக்குத் திரும்பியதும் மகன் புதிய மூக்குக்கண்ணாடி வாங்கித் தருகிறார். கண்ணாடி மாறியது, தயக்கம் மாறவில்லை.

காண்பது கண் மட்டுமன்று. விழித்திரையே கருவில் மூளையிலிருந்து வளர்ந்த பகுதிதான். அது அனுப்பும் செய்தியைப் பொருளாக்குவது மூளையின் பின்புறம். 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்த நோய் பெரும்பாலும் மறதியாகவே வெளிப்படும். சிலரிடமோ அது பின்புற மூளையில் தொடங்குகிறது. இவ்வகையை 1988-இல் பிராங்க் பென்சன் என்னும் நரம்பியல் அறிஞர் தனித்து விவரித்தார். இவர்களுக்குத் தொடக்கத்தில் நினைவு தெளிவாக இருக்கும். ஆயினும் படிக்கையில் வரி தவறும். எதிரிலுள்ள செம்பை எடுக்கக் கை தடுமாறும்.

இங்கிலாந்தின் நார்போக் பகுதியில் 8,623 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. அசையும் புள்ளிகளுக்கிடையே உருவாகும் முக்கோணத்தைக் கண்டறிவதே அவர்களுக்கு இட்ட சோதனை. பிற்காலத்தில் அறிவுத்திறன் குன்றிய 537 பேர், நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அதில் மந்தமாக இருந்தனர்.

சமண இல்லங்களில் இம்மாற்றம் விரைவில் கண்ணிற்படும். அரிசியில் பூச்சி பார்ப்பது, உயிர்கள் மிதிபடாமல் நிலம் நோக்கி நடப்பது, அன்றாடம் நூல் ஓதுவது ஆகிய யாவும் கண்ணின் பணிகள். நாற்பதாண்டு அரிசி ஆய்ந்த பாட்டியார் பூச்சியைத் தவறவிட்டால் அதை அசட்டை என்று கடிவது தகாது. உயிர்க்கொலை நேர்ந்ததோ என்ற கலக்கத்தால் அவரே தம் குறையை மறைக்கவும் கூடும்.

ஆயினும் அச்சம் வேண்டா. முதுமையில் பார்வை மங்குவதற்குப் பெரும்பாலும் கண்புரை, நீரிழிவு, கண்ணழுத்தம் போன்றவையே காரணம். விழித்திரைப் படத்தில் நரம்பு இழை மெலிந்து தோன்றுவதும் கண்ணழுத்த நோயிலும் உண்டு. ஆதலால் அப்படம் ஒன்றைக் கொண்டு அல்சைமர் என முடிவுகட்ட இயலாது. முதலில் கண் மருத்துவரிடமே செல்ல வேண்டும். தென்காசியினருக்குத் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனை எட்டும் தொலைவிலேயே உள்ளது. கண்புரையை நாளைக்கென்று தள்ளிவைப்பதும் பிழை. கவனிக்கப்படாத பார்வைக் குறைவை, அறிவுத்திறன் குன்றுவதற்கான இடர்களில் ஒன்றாக லான்செட் குழு 2024-இல் சேர்த்துள்ளது. கண் நலமென்று உறுதியான பின்னும் தடுமாற்றம் தொடருமாயின், நரம்பியல் மருத்துவரைக் காண்பதில் தாமதம் கூடாது.

வீட்டிலும் சில மாற்றங்கள் உதவும். படிகளின் விளிம்பில் மஞ்சள் வண்ணம் தீட்டலாம். வெள்ளைத் தட்டில் வெண்சோறு கண்ணுக்குப் புலப்படாமல் பாதியை மீதம் வைக்கும் முதியவர், அதையே வாழையிலையில் இட்டால் முழுதும் உண்ணக்கூடும்.