காப்பியின் கதையும் கூலியின் கதையும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் காப்பியைப் பற்றிப் பேசப் போகிறோம். கூலி உயர்வு, பஞ்சப்படி என்று பேச வேண்டிய இடத்தில் காப்பிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். காப்பியின் கதையும் கூலியின் கதைதான். கடைசிவரை கேளுங்கள்.

காப்பிச் செடிக்குத் தாய்நாடு ஆப்பிரிக்காவிலுள்ள எத்தியோப்பியா. அதன் தென்மேற்குக் காடுகளில் அது இன்றும் தானாகவே வளர்கிறது. அந்த ஜனங்களுக்குக் காப்பி குடிப்பதே ஒரு விசேஷம். விருந்தாளி வந்ததும் வீட்டுப் பெண்கள் பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, உரலில் இடித்து, மண் கூஜாவில் காய்ச்சுவார்கள். அதே தூளில் மறுபடி மறுபடி தண்ணீர் விட்டு மூன்று சுற்று ஊற்றுவார்கள். மூன்றாம் சுற்றுக்குப் பெயர் 'பரக்கா'. ஆசீர்வாதம் என்று பொருள். அதற்குமுன் எழுந்து போவது மரியாதையல்ல. அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.

செங்கடலுக்கு அக்கரையில் ஏமன். 15-ம் நூற்றாண்டில் அந்நாட்டு சூஃபிகள் இரவெல்லாம் கண்விழித்துத் தொழுவதற்காகக் காப்பி குடித்தார்கள். அங்கே காப்பிப் பழத்தின் காய்ந்த தோலையும் வீணாக்குவதில்லை. இஞ்சி சேர்த்துக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். அரபு நாடுகளில் ஏலக்காய் தட்டிப் போட்டு, பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் தருகிறார்கள். துருக்கியர் மாவு போல அரைத்து, வடிகட்டாமல் நுரையோடு காய்ச்சுகிறார்கள். இத்தாலியில் அழுத்தத்தில் இறக்கியதை, நின்றபடியே ஒரு மடக்கில் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறார்கள். வியட்நாமில் அது கெட்டிப்பாலின் மேல் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. நம் பக்கத்தில் பில்டரில் இறக்கிய டிகாக்ஷன், கொஞ்சம் சிக்கரி, பால், டபரா டம்ளர். கொட்டை ஒன்றுதான், கைப்பக்குவம்தான் வேறு.

ஆனால் ராஜாக்களுக்கு மட்டும் காப்பி கசந்தது. ஏன்? காப்பி குடிக்க ஜனங்கள் ஓரிடத்தில் கூடினார்கள். கூடியவர்கள் பேசினார்கள். பேச்சு அரசாங்கத்தின் மீது திரும்பியது. 1511-ல் மெக்காவின் கவர்னர் காப்பிக்குத் தடை போட்டான். 1633-ல் துருக்கி சுல்தான் நான்காம் முராத் காப்பிக் கடைகளை மூடினான். 1675 டிசம்பரில் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லஸ் காப்பிக் கடைகளை ஒழிக்க உத்தரவு போட்டான். எதிர்ப்பைக் கண்டு, அது அமலுக்கு வருமுன்பே வாபஸ் வாங்கினான். 1789 ஜூலை 12-ல் பாரிஸில் ஒரு காப்பிக் கடை வாசலில் மேஜை மீதேறி நின்று, காமில் தேமுலான் ஜனங்களை ஆயுதமேந்த அழைத்தான். இரண்டாம் நாள் பஸ்தீல் சிறை விழுந்தது. காப்பியா புரட்சி செய்தது? ஜனங்கள் செய்தார்கள். கூடிப் பேச அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது.

இது குடித்தவர் கதை. விளைவித்தவர் கதை என்ன?

கரீபியக் கடலில் சான் தொமேங் என்ற பிரெஞ்சுக் காலனி இருந்தது. அந்தக் காலத்தில் உலகக் காப்பியில் ஏறக்குறையப் பாதி அங்கே விளைந்தது. விளைவித்தவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுவந்த அடிமைகள். 1791-ல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804 ஜனவரி 1-ல் ஹைத்தி என்ற சுதந்திர நாட்டைப் பிரகடனம் செய்தார்கள். பிரேசில் நாட்டுக் காப்பித் தோட்டங்களில் அடிமைத்தனம் 1888 வரை நீடித்தது.

நம்மவர் கதையும் இதில் உண்டு. 1830-களிலிருந்து இலங்கை மலைகளில் வெள்ளைக்காரத் துரைமார் காப்பித் தோட்டம் போட்டார்கள். பஞ்சமும் கடனும் துரத்த, தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர் கங்காணியின் பின்னே கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். 1869-ல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. இருபது ஆண்டுக்குள் தோட்டங்கள் பாழாயின. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். செடி மாறியது; கங்காணி மாறவில்லை, கடன் மாறவில்லை.

முதலாளித்துவத்தின் யோக்கியதையையும் பாருங்கள். விலை சரிந்தது என்பதற்காக, 1931 முதல் 1944 வரை பிரேசிலில் சுமார் 7 கோடியே 80 லட்சம் மூட்டை காப்பியை நாசம் செய்தார்கள். மூட்டைக்கு 60 கிலோ! பறித்தவன் வயிறு காய்ந்தது. பறித்தது நெருப்பில் வெந்தது.

இதற்கு வேறு வழியே இல்லையா? உண்டு. 1957-ல் நம் நாட்டில் காப்பி போர்டு தன் காப்பி ஹவுஸ்களை மூடித் தொழிலாளரை வெளியே அனுப்பியது. தோழர் ஏ.கே. கோபாலன் வழிகாட்டினார். தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அவ்வாண்டே ஆகஸ்டில் பெங்களூரில் முதல் சங்கம்; அக்டோபரில் தில்லியில் முதல் 'இந்தியன் காப்பி ஹவுஸ்'. வேலையிழந்தவர்கள் கடைக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அந்தக் கடைகள் பல ஊர்களில் இன்றும் நடக்கின்றன.

கடைசியாக ஒன்று. நம் கிராமங்களில் சேரிக்கு ஒரு குவளை, ஊருக்கு ஒரு குவளை என்று வைத்த கொடுமை நமக்குத் தெரியும். 1955-ன் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. அப்படியும் சில ஊர்களில் அது சாகவில்லை. எங்கோ இருக்கும் எத்தியோப்பியக் குடியானவன் வழிப்போக்கனையும் உட்கார வைத்து மூன்று சுற்று ஊற்றுகிறான். ஒரே களத்தில் கதிரடிக்கும் நாம் ஒரே பெஞ்சில் உட்கார முடியாதா? ஒரே குவளையில் குடிக்க முடியாதவர்கள் ஒரே கூலிக்காகப் போராடுவது எப்படி?

ஆகவே, இரட்டைக் குவளை எந்தக் கடையில் இருந்தாலும் சங்கம் அங்கே போக வேண்டும். தனியாகப் போக வேண்டாம். எல்லாரும் சேர்ந்து போவோம். ஒரே பெஞ்சில் உட்காருவோம், ஒரே குவளையில் கேட்போம்!