பொம்மை ராஜாவும் பொம்மை ராணியும்
(கம்பத்தில் வாசகர் கூட்டத்தில் பேசியது)



சுஜாதா (1935–2008) எழுதிய “என் இனிய இயந்திரா” கதையில் ஜீவா என்னும் சர்வாதிகாரிக்கு ஜனங்கள் அடங்கிக் கிடக்கிறார்கள். பெயர் இரண்டே எழுத்து. பிள்ளை பெறவும் உத்தரவு வேண்டும். கடைசியில் பார்த்தால் ஜீவா ஆளே அல்ல, வெறும் ஒளிப்பிம்பம்! நமது சோளக்கொல்லைப் பொம்மையை நாலு நாளில் குருவி கண்டுகொண்டு தலைமேலேயே உட்காருகிறது. மனிதன் கண்டுகொள்ளவில்லை.

முடிவுப் புத்தகமாகிய “மீண்டும் ஜீனோ”வில்தான் விஷயமே இருக்கிறது. பொம்மை போயிற்று, நிலா என்ற பெண் ராணியானாள். பொம்மையை ஆட்டிய ரவியும் மனோவும் போனார்களா? இல்லை, இப்போது நிலாவை ஆட்டினார்கள்! அந்த ராஜ்யத்தில் புத்தகம் படித்து யோசித்தது யார் தெரியுமா, தோழர்களே? ஜீனோ என்கிற இயந்திர நாய்!