மானை எண்ணவும் பணம் வேண்டும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



அண்மையில் ஐந்தாம் வகுப்பில் பாலைவன விலங்குகளைப் பற்றிப் பாடம் நடத்தினேன். ஆராய்ச்சியாளர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரு மான் கூட்டத்தின் பின்னாலேயே போய்க் குறிப்பெடுக்கிறார்கள், அதற்கு அரசாங்கங்கள் பணம் கொடுக்கின்றன என்று சொன்னேன். மறுநாள் ஒரு மாணவனின் தகப்பனார் என்னை வழியில் நிறுத்தி, “என்னங்க சார், மான் மேயறதப் பாத்துக்கிட்டு இருக்கிறவனுக்குச் சம்பளமா? அந்தக் காச நாலு ஏழைங்களுக்குக் குடுத்தா ஆகாதா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. வேர்வை சிந்திச் சம்பாதிக்கிறவர் அப்படித்தான் கேட்பார். அதற்குரிய பதிலை இந்த மேடையில் சொல்ல விரும்புகிறேன்.

அரேபியப் பாலைவனத்தில் ஓரிக்ஸ் என்று ஒரு விலங்கு உண்டு. பார்வைக்கு மான் போல இருக்கும். வெள்ளை உடம்பு, பிளவுபட்ட அகன்ற குளம்பு, ஈட்டி போல நீண்ட இரண்டு கொம்பு. அரபு மக்கள் அதை ‘மஹா’ என்பார்கள். செடியிலுள்ள ஈரத்தையும் பனித்துளியையும் கொண்டே பல நாள் உயிர் வாழும். எங்கே மழை பெய்ததோ அந்தத் திசையை நோக்கி நடந்துபோய் மேயும்.

ஒட்டகத்தில் போய் வேட்டையாடிய காலத்தில் அது தப்பிப் பிழைத்தது. எண்ணெய்ப் பணம் வந்தது. மோட்டார் வண்டியும் நவீனத் துப்பாக்கியும் வந்தன. 1972-இல் ஓமான் நாட்டில் கடைசிக் காட்டுக் கூட்டமும் வேட்டைக்குப் பலியாயிற்று. வெட்டவெளியில் ஓர் ஓரிக்ஸ்கூட மிச்சமில்லை!

நல்ல வேளையாக, 1962-இலேயே சில பெரியோர்கள் விழித்துக்கொண்டார்கள். அப்போது புதிதாகத் தோன்றியிருந்த உலக வனவிலங்கு நிதியத்தின் பண உதவியோடு ஒரு குழு, இன்றைய ஏமன் பகுதிக்குப் போய்ச் சில ஓரிக்ஸ்களைப் பிடித்தது. லண்டன் விலங்குக் காட்சிசாலையும், குவைத், சவூதி ஆட்சியாளர்களும் சிலவற்றைக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்த்து 9. அவை அமெரிக்காவிலுள்ள ஃபீனிக்ஸ் நகரக் காட்சிசாலையில் பெருகின. 1982 ஜனவரியில் 10 ஓரிக்ஸ்கள் ஓமான் பாலைவனத்தில் மீண்டும் விடப்பட்டன. ஹராசீஸ் என்னும் நாடோடி இன மக்களே சம்பளத்துக்குக் காவலர்களானார்கள். எது எங்கே மேய்ந்தது, எது கன்று ஈன்றது என்று பார்த்துக் குறித்தார்கள்.

இந்த இடத்தில்தான் ‘அந்தக் காசு எதற்கு?’ என்ற கேள்வி வருகிறது. நம்ம செம்பனைத் தோட்டத்தையே பாருங்கள். குலை எண்ண ஆள் அனுப்புகிறார்கள். அன்றைக்கு அவர் ஒரு குலைகூட வெட்டுவதில்லை. மரம் மரமாக அண்ணாந்து பார்த்து எழுதுகிறார். அவருக்கும் சம்பளம் உண்டு. ஏன்? அந்தக் கணக்கு இல்லாவிட்டால் வரப்போகும் விளைச்சல் யாருக்கும் தெரியாது. மானை எண்ணுவதும் அப்படித்தான்.

ஓமானில் 1996-இல் ஏறக்குறைய 450 ஓரிக்ஸ்கள் இருந்தன. அந்த ஆண்டிலேயே திருடர்கள் புகுந்தார்கள். உயிரோடு பிடித்துச் செல்வந்தர்களுக்கு விற்க ஆரம்பித்தார்கள். கணக்கு இருந்ததால்தான் ஆபத்து தெரிந்தது. எஞ்சியவற்றில் ஒரு பகுதியைப் பிடித்து வேலிக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். ஆனாலும் 2007-இல் காட்டில் 65தான் மிச்சம். எண்ணெய் தேடுவதற்காகச் சரணாலயத்தின் பரப்பையும் பத்தில் ஒன்றாகக் குறைத்தார்கள். யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபுச் சொத்துப் பட்டியலிலிருந்தே நீக்கியது. அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான். கணக்கு மட்டும் திருடனைத் தடுக்காது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு பாடம் சவூதி அரேபியாவில் கிடைத்தது. மஹாஸாத் அஸ்ஸைத் என்ற இடத்தில் 2,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலத்தைச் சுற்றி வேலி போட்டு, 1990-இல் ஓரிக்ஸ்களை விட்டார்கள். வேட்டைக்காரன் உள்ளே வர முடியவில்லை, நல்லதுதான். ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில், மழை பெய்த இடம் தேடி ஓரிக்ஸ் வெளியே போகவும் முடியவில்லை. நூற்றுக்கணக்கில் மடிந்தன. காப்பாற்றப் போட்ட வேலியே அவற்றைக் கொன்றது! செத்ததை எண்ணிக் காரணம் எழுதி வைத்த ஆராய்ச்சியாளர்கள் இல்லாவிட்டால், ‘ஏதோ சீக்கு வந்து செத்தது’ என்று மறுபடியும் அதே தவற்றைச் செய்திருப்பார்கள்.

பெற்றோர்களே! கெடுதல் நினைத்து மனிதன் செய்வது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நல்லது நினைத்துச் செய்வதில் விளையும் கெடுதல், பொறுமையாய் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். விலங்கைப் பிடித்துக் கொண்டுவரப் பணம் கேட்டால் கொடுக்க ஆள் உண்டு. படம் பத்திரிகையில் வரும். இருபது ஆண்டு கவனித்து எழுதப் பணம் கேட்டால், ‘அதனால் என்ன பிரயோசனம்?’ என்பார்கள். எண்ணெயால் செழித்தவர்கள், எண்ணெய்ப் பணம் செய்த கேட்டை அளந்து பார்க்கக் கொடுப்பது தர்மம் அல்ல, கடன்.

2011-இல் உலகப் பாதுகாப்பு அமைப்பு, ஓரிக்ஸின் ஆபத்து நிலை ஒரு படி குறைந்துவிட்டது என்று அறிவித்தது. காட்டிலிருந்து அடியோடு அழிந்துபோனதாக அந்த அமைப்பின் பட்டியலில் இடம்பெற்ற எந்த விலங்கும் அதற்கு முன் அந்த அளவுக்கு மீண்டதில்லை. 9-இல் தொடங்கிய கணக்கு அது.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கும் உங்களில் ஒருவர், நாளைக்கு நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக ஏதோ ஒரு காட்டோரம் உட்கார்ந்து ஓர் உயிரை எண்ணிக்கொண்டிருக்கலாம். அப்போது, “சும்மா உட்கார்ந்திருக்கானே!” என்று உங்கள் அப்பா அம்மா நினைக்கக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.