வளைந்த மரத்தின் கதை

பட்டணத்துக் காப்பிக் கடையில் முதுகு வளைந்த பழைய மர நாற்காலியைப் பார்த்திருப்பீர்கள். அந்த அமைப்பைக் கொண்டுவந்தவர் மிக்கேல் தோனெட் என்னும் ஜெர்மானியத் தச்சர். வியன்னாவில் தொழில் நடத்தியவர்.

கெட்டி மரத்தை வளைத்தால் வெளிப்புறம் பிளந்துவிடும் அல்லவா? அவர் பீச் மரக் கம்பை நீராவியில் பதப்படுத்தி, வெளிப்புறத்தில் இரும்புப் பட்டை பூட்டி, அச்சில் வளைத்து உலர்த்தினார். பட்டை மரத்தை நீளவிடாது. உட்புறம்தான் நெருங்கிச் சுருங்கும். எனக்குப் பெரிய வியப்பு இந்தப் பட்டைதான்.

1859இல் வந்த 14ஆம் எண் நாற்காலிக்கு ஆறே மரப் பாகங்கள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். கப்பலேறி உலகெங்கும் போக இது வசதியாயிற்று. 1869இல் காப்புரிமை முடிந்ததும் மற்றவர்களும் செய்யலானார்கள். ஆகவே நம் கடைகளில் காண்பதெல்லாம் தோனெட் செய்தது அன்று.

சேகரிப்பவர்கள் நாற்காலியைக் கவிழ்த்து, இருக்கைச் சட்டத்தின் உட்புறத்தில் முத்திரையோ காகிதச் சீட்டோ உண்டா என்று பார்ப்பார்கள். பிரம்பு அறுந்ததென்று விறகாக்குமுன் நீங்களும் பாருங்கள். நான் ஒன்றை உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்துச் சாயம் பூசினேன். அடியிலிருந்த சீட்டும் தூளாகிப் போயிற்று; எழுத்தைக்கூட வாசிக்கவில்லை.