உள்நாட்டு யுத்தம் என்றால் என்ன?



"உள்நாட்டு யுத்தம்" என்னும் வார்த்தையைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கின்றோம். ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் சண்டை என்று அதற்குச் சுலபமாய் அர்த்தம் சொல்லிவிடுகின்றோம். அந்த அர்த்தம் போதாது. அந்தப் பெயரை வைப்பவர் யார், வைக்க மறுப்பவர் யார் என்று பார்த்தால்தான் அதன் யோக்கியதை விளங்கும்.

இங்கிலீஷில் இதை சிவில் யுத்தம் என்கிறார்கள். சிவில் என்றதும் நாகரிகம் என்று நினைத்துவிட வேண்டாம். மனிதனை மனிதன் கொல்லுவதில் நாகரிகம் ஏது? லத்தீன் பாஷையில் சிவிஸ் என்றால் குடிமகன். குடிமகனும் குடிமகனும் செய்துகொள்ளும் யுத்தம் என்பதே ரோமர் கொண்ட அர்த்தம். நம் தமிழ்ப் பெயர் சண்டை நடக்கும் இடத்தைச் சொல்லுகிறது. ரோமர் வைத்த பெயரோ சண்டை போடும் ஆளைச் சொல்லுகிறது. சூட்சுமம் எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

கி.மு. 49-இல் ஜூலியஸ் சீசர் ரூபிகன் ஆற்றைத் தாண்டி பாம்ப்பியின் கட்சியாரோடு சண்டை செய்தான். இருபுறமும் குடிமக்கள், ஆகவே அது சிவில் யுத்தம். ஆனால் கி.மு. 73 முதல் 71 வரை ஸ்பார்ட்டகஸ் என்பவனின் தலைமையில் அடிமைகள் அதே இத்தாலி மண்ணில் ரோமப் படைகளைத் திரும்பத் திரும்ப முறியடித்தார்களே, அதற்கு என்ன பெயர்? அடிமை யுத்தம்! ஏனெனில் அடிமை குடிமகன் அல்ல. பெயரில் காட்டிய இந்த வித்தியாசம் தண்டனையிலும் தெரிந்தது. தோற்ற குடிமக்களில் பலருக்குச் சீசர் மன்னிப்புக் கொடுத்தான். தோற்ற அடிமைகளில் 6,000 பேர் காப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் சிலுவையில் அறையப்பட்டார்கள்.

இது பழங்கதை என்பீர்களேயானால் அமெரிக்காவைப் பாருங்கள். 1861 முதல் 1865 வரை நடந்த யுத்தத்தில் 6 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். வடநாட்டு சர்க்கார் அதைக் கலகம் என்று தஸ்தாவேஜுகளில் எழுதிற்று. பிரிந்துபோன தென் ராஜ்யங்களின் கட்சியார் பிற்காலத்தில் அதை "ராஜ்யங்களுக்கிடையே நடந்த யுத்தம்" என்றார்கள். வேறு சிலர் "அண்ணன் தம்பி சண்டை" என்று உருகினார்கள். அண்ணன் தம்பி சண்டையாம்! அப்படியானால் 1860-ஆம் வருஷத்துக் கணக்குப்படி இருந்த சுமார் 40 லட்சம் அடிமைகள் யாருக்கு என்ன முறை? அடிமை முறைக்கு ஆபத்து வந்ததென்றுதான் பிரிகிறோம் என்று மிஸ்ஸிஸிப்பி ராஜ்யம் 1861-இல் தானே எழுதி வைத்ததே! கறுப்பு மனிதன் குடிமகனாக முடியாது என்று 1857-இல் அந்நாட்டு உயர்ந்த கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருந்தது. சுமார் 1,80,000 கறுப்பு மக்கள் துப்பாக்கி தூக்கிச் சண்டை செய்த பிறகு, 1868-இல்தான் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு அவர்கள் குடிமக்களானார்கள்.

இனி பிரான்சு தேசத்தார் செய்த வேடிக்கையைக் கேளுங்கள். 1954-இல் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் கிளம்பியது. அல்ஜீரியாவும் பிரான்சே என்றார்கள் அவர்கள். சரி, அப்படியானால் அது உள்நாட்டு யுத்தம்தானே? அதுவும் இல்லை என்றார்கள். வேற்று நாடு என்றால் யுத்தம்தானே? அதுவும் இல்லை, "ஒழுங்கைக் காக்கும் நடவடிக்கை" என்றார்கள்! அந்த ஒழுங்கு எப்படிப்பட்டது? 1947-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த சபையில் சுமார் 10 லட்சம் ஐரோப்பியர் தொகுதிக்கு 60 ஸ்தானம். அவர்களைப் போல் பல மடங்கு இருந்த முஸ்லிம்கள் தொகுதிக்கும் அதே 60 ஸ்தானம். 1962-இல் அல்ஜீரியா விடுதலை அடைந்தது. அது யுத்தம்தான் என்று பிரான்சு தன் சட்டத்தில் ஒப்புக்கொண்டது 1999-இல். ஒரு வார்த்தையைச் சொல்ல 37 வருஷம் பிடித்தது!

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். கலகக்காரன் என்றால் தூக்குமரம். யுத்தக் கைதி என்றால் சோறும் மருந்தும். இதுதான் பெயரில் இருக்கிறது. இதனால்தான் 1949-இல் ஜினீவாவில் கூடியவர்கள், உள்நாட்டு யுத்தம் என்ற வார்த்தையையே விட்டுவிட்டு, "சர்வதேசத் தன்மையில்லாத ஆயுதச் சண்டை" என்று சுற்றி வளைத்து எழுதினார்கள். பெயரை ஒப்புக்கொண்டால் எதிரிக்கு அந்தஸ்து வந்துவிடுமே என்று சர்க்கார்களுக்குப் பயம். ஆயினும் காயம்பட்டவனைக் கவனிக்க வேண்டும், ஆயுதத்தைக் கீழே போட்டவனை மனிதனாய் நடத்த வேண்டும் என்றாவது அதில் எழுதினார்களே, அது லாபம்தான்.

ஆகவே தோழர்களே! இனிமேல் எந்தச் சண்டையைப் பற்றிப் படித்தாலும், கலகம், ஒழுங்கு நடவடிக்கை, உள்நாட்டு யுத்தம் என்ற பெயர்களை அப்படியே விழுங்கிவிடாதீர்கள். பெயர் வைத்தவன் யார், அந்தப் பெயரால் அவனுக்கு என்ன லாபம், சாகிறவனை அவன் குடிமகனாய்க் கணக்கில் வைத்திருந்தானா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வருமானால், அங்கே யுத்தம் துப்பாக்கி வெடித்த அன்று ஆரம்பித்ததல்ல. அதற்கு வெகு காலம் முன்பே ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.